கயிறு விற்ற பாட்டி: உங்கள் என்.பி.சி. அனுபவம் என்ன?

செல்லூர்க்காரன்:
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துபவன்; ஆட்டக்காரர்கள் வழியில் சந்திக்கும் மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் (அவர்கள்தான் என்.பி.சி.) நான்தான் குரல். போன மாதம் ஒரு மந்திரிக்காக நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பிறந்த ஊர், செத்துப்போன அண்ணன், ரகசியக் கடன், எல்லாம். ஆட்டக்காரர்கள் அரண்மனைப் பக்கமே போகவில்லை. பாழுங்கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டுமென்று சந்தைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

என்னிடம் இருந்தது "கயிறு விற்கும் பாட்டி" என்ற மூன்று சொல் மட்டும். ஆட்ட விதிப்புத்தகத்தின் 2014 பதிப்பில் சாதாரண ஊர்க்காரருக்கு உள்ள கணக்கையே போட்டேன்: ஆறு திறன்களும் 10, உயிர்ப்புள்ளி 4. ஒரு அடி விழுந்தால் ஆள் காலி. குரலுக்கு எங்கள் தெருமுனையில் மல்லிகை விற்கும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையால் முழம் போட்டால், முழங்கையில் ஆரம்பித்து விரல் நுனிக்கு வருவதற்குள் எப்படியோ நாலு விரற்கடை குறைந்துவிடும்.

புத்தகத்தில் 50 அடிச் சணல் கயிறு ஒரு பொற்காசு. பாட்டியோ அடிக்கணக்கு தெரியாது, முழம்தான் என்றாள். பாதி மனிதன், பாதி முரட்டு அரக்கனான அரை ஓர்க்காக ஆடும் தம்பி உடனே, "அப்ப என் கையால அளங்க" என்றான்.

"உன் கைய அங்கிட்டு வச்சுக்கய்யா. கயிறு என்னுது, முழமும் என்னுது."

அப்புறம் முக்கால் மணி நேரம் கிணற்றை யாரும் நினைக்கவில்லை. தம்பி பேரத்துக்கு இருபது முகப் பகடையை உருட்டினான், 20 விழுந்தது. மாடியே கத்தியது. ஆனால் அந்தப் பதிப்பில் 20 விழுந்தால் தானாக ஜெயம் என்பது தாக்குதலுக்குத்தான், பேச்சுக்கு இல்லை. விலை குறைப்பவளா அவள்? கொசுறு கொடுத்தாள்: "அந்தக் கெணத்துல தண்ணி இல்லய்யா. ஆனா ராத்திரி வாளி விழுற சத்தம் கேக்கும்." மந்திரிக்காக நான் எழுதிய ரகசியம் அது. மந்திரியின் பெயர்கூட இன்னும் அவர்களுக்குத் தெரியாது.

திருமங்கலத்தான்:
எனக்கு நேர்மாறு. அழகர்கோவில் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பை மனதில் வைத்து ஒரு வாசல் காவலனைச் செய்தேன். மீசை, அரிவாள் என்று தோற்றம் பிரமாதம். அவனுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. "யார் நீ?" என்றான், உடனே சண்டை, மூன்றாவது சுற்றில் செத்தான். அம்மாவிடம் சொன்னால், "கருப்பன் வாசல்ல சத்தியம்ல பண்ணச் சொல்லணும், சண்டையா போடுவாக?" என்கிறார். சரிதானே, அந்தக் கதவு முன்னால் பொய் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அடுத்த காவலன் அரிவாளைத் தொடவே இல்லை; உள்ளே போகிறவர் ஒரு உண்மை சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குழுத் திருடன் அரை மணி நேரம் வாசலிலேயே நின்றான்.

ஆனையூர்:
பாட்டி உயிரோடு இருக்கிறாரா?

செல்லூர்க்காரன்:
இருக்கிறார். கயிறு ஏழு அடி எட்டவில்லையாம், சண்டை போடத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள்.