மீண்டும் மீண்டும் படிக்கத் தக்க அறிவியல் புனைவு, மிகுபுனைவு நூல்கள் எவை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் முதல் மூன்று நூல்களையும், ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ரான்டெவூ வித் ராமா’வையும் அண்மையில் படித்து முடித்தேன். இரண்டுமே மிகவும் பிடித்திருந்தன. ஆயினும் ஒரு குறை மனத்தில் தங்கிவிட்டது. பெருந்திரளான மக்களின் போக்கைக் கணிதத்தின் துணையால் முன்கூட்டியே அறியலாம் என்ற ஹாரி செல்டனின் கொள்கை நினைவில் நிற்கும் அளவுக்கு, அந்தக் கதையின் மனிதர்கள் நிற்கவில்லை; மியூல் ஒருவனே விதிவிலக்கு. ஒரு கற்பனை உலகத்துக்கென்று ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அந்த விதி அங்கே வாழ்பவர்களின் அன்பையும் அச்சத்தையும் எப்படி மாற்றுகிறது என்பதைக் கடைசிவரை விடாமல் பின்தொடரும் நூல்களைத் தேடுகிறேன். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார், அவருடைய எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்பதைக் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நீங்கள் கேட்பதற்கு என்னிடம் இருக்கும் விடை உர்சுலா லெ குவின்தான். 1969இல் வெளிவந்த ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். கெதன் என்னும் பனி உறைந்த கோளின் மனிதர்களுக்கு நிலையான பால் கிடையாது. மாதத்தில் சில நாள்கள் மட்டும் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். எதுவாக மாறுவார் என்பது அவர் கையில் இல்லை. ஒரு குழந்தைக்குத் தாயாக இருப்பவர் இன்னொரு குழந்தைக்குத் தந்தையாக இருக்கலாம். விதி இவ்வளவுதான். ஆனால் அரசவைச் சூழ்ச்சி, குடும்பம், தொன்மக் கதைகள், நட்பு என்று அந்த உலகத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் அதன் விளைவைக் காணலாம்.

வெளியுலகிலிருந்து தூதராக வரும் கென்லி ஐ, கெதனைச் சேர்ந்த எஸ்ட்ராவனை நம்ப மறுக்கிறார். அந்த மனிதரிடம் பெண்மையாகத் தமக்குத் தோன்றுவதையெல்லாம் அவர் சூழ்ச்சி என்றே படிக்கிறார். பின்னர் இருவரும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனிப்பாலையைக் கடக்கும் நீண்ட பயணத்தில், ஒரே கூடாரத்துக்குள், எஸ்ட்ராவனுக்கு அந்த மாற்றக் காலம் வருகிறது. அவர்கள் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்கள், தொட்டுக்கொள்வதில்லை. அந்த ஓர் இரவில்தான் தமக்கு முன்னால் இருப்பவர் ஆணும் பெண்ணுமான ஒரு முழு மனிதர் என்பதைக் கென்லி ஏற்கிறார். அந்த அத்தியாயத்துக்காகவே இந்நூலை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மிகுபுனைவில் அவருடைய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையை மந்திரத்தால் விலக்க வல்ல ஓகியன், அதை விலக்காமல், ஒரு மரத்தடியில் பேசாமல் படுத்துக்கொள்கிறார்; மாணவனான கெட் நனைந்தபடி, பயன்படுத்தாத ஆற்றலால் யாருக்கு என்ன பயன் என்று பொருமுகிறான். அந்த உலகத்தில் மந்திரம் எப்படி இயங்குகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சிறு காட்சியிலேயே அடங்கியிருக்கிறது.

மறுமொழி 2

லெ குவின் குறித்துச் சொன்னவை அனைத்தும் எனக்கும் உடன்பாடே. ஆனால் கிளார்க்குக்காக ஒரு சொல் பேசியாக வேண்டும். ராமாவில் மாந்தர்கள் மெலிந்திருப்பதைக் குறையாக நான் கருதவில்லை. 50 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த உருளை வடிவ விண்கலம்தான் அங்கே முதன்மைப் பாத்திரம். எடையே இல்லாத நடு அச்சிலிருந்து ஏணியிலும் படிகளிலும் இறங்க இறங்க, உருளையின் சுழற்சியால் உடலின் எடை சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போவதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் பாருங்கள். இயற்பியலை உடலால் உணரச் செய்த எழுத்து அது.

உங்கள் தேடலுக்கு நேராகப் பொருந்துவது போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட ‘சோலாரிஸ்’. கோளையே மூடிக் கிடக்கும் ஒரு பெருங்கடல், ஆய்வு நிலையத்தில் இருப்பவர்களின் மனத்துக்குள் புதைந்துள்ளவர்களை உருவமாக்கி அவர்களிடமே அனுப்பிவைக்கிறது. அவர்களில் ஒருவரான கெல்வினிடம் வருபவள், இறந்துபோன அவருடைய துணைவி ஹேரி. அவள் உடையைக் கழற்ற முற்படும்போது, அதிலுள்ள பொத்தான்கள் வெறும் அலங்காரம் என்பதும், உடையைத் திறக்க வழியே இல்லை என்பதும் தெரியவருகிறது. கத்தரிக்கோலால் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. கெல்வினின் நினைவுக்கு அந்த உடையின் தோற்றம் தெரியும், அதன் தையல் தெரியாது. இத்தகைய நுணுக்கத்தை வேறெந்த அறிவியல் புனைவிலும் நான் கண்டதில்லை. தான் அந்தப் பழைய ஹேரி அல்லள் என்பதை அவளே மெல்ல உணரத் தொடங்கும்போது நாவலின் உண்மையான துயரம் தொடங்குகிறது.

மறுமொழி 3

ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) நூலைப் பரிந்துரைக்கிறேன். 1976இல் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், அடிமை முறை நிலவிய கால மேரிலாந்துக்கு மீண்டும் மீண்டும் இழுக்கப்படுகிறாள். ரூஃபஸ் என்ற வெள்ளையனின் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் அங்கே போய்விடுகிறாள். அவன் அவளுடைய மூதாதை என்பதால், அவனைக் காப்பாற்றாவிட்டால் அவளுக்குப் பிறப்பே இல்லை. காலப் பயணம் எப்படி நிகழ்கிறது என்பதை பட்லர் விளக்குவதே இல்லை. விளக்கம் வேண்டும் என்று எனக்கு ஒரு பக்கத்திலும் தோன்றவில்லை.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வையும் மறந்துவிடாதீர்கள். பெயர் இரண்டே எழுத்தில் இருக்க வேண்டும், குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும் என்ற விதிகளுக்குள் நிலாவின் கதை நடக்கிறது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு அங்குள்ள மனிதர்களைவிட அறிவு ஆர்வம் அதிகம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கெதனிலிருந்தே தொடங்குகிறேன், அதன் பின் சோலாரிஸ். எர்த்ஸீ நூல்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும்? பிற்காலத்தில் எழுதியவற்றைத் தவிர்த்துவிடலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மறுமொழி 1 எழுதியவர்

வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள்: 1968இல் முதல் நூல், 1971இல் ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’, 1972இல் ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’. நான்காவதான ‘தெஹானு’ 1990இல்தான் வந்தது. தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள். முதல் மூன்று நூல்களில் மந்திரக் கல்வி ஆண்களுக்கே உரியது. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்று அங்கே பழமொழியே உண்டு. அந்த உலகத்தைப் படைத்தவரே பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று, தீக்காயமுற்ற ஒரு சிறுமியை வளர்க்கும் நடுவயதுத் தெனாரின் (இரண்டாம் நூலின் நாயகி) கண்வழியாக அந்த விதியைக் கேள்விக்கு உட்படுத்துகிறார். சாகசங்களை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அதன் நிதானம் ஏமாற்றம் தரக்கூடும். நீங்கள் முதல் பதிவில் தேடுவதாகச் சொன்னதை வைத்துப் பார்த்தால், அவ்வரிசையில் உங்களுக்கு மிகவும் பிடிக்கப்போவது அந்த நான்காவது நூலாகத்தான் இருக்கும்.