கதவு நிலையில் கறையான்: கிணறு கிட்ட இருக்கு, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஊர் கல்லடி, மணல் நிலம். முன்கதவு நிலையில பென்சில் தடிப்பில மண்கோடு ஏறியிருக்கு. மண்ணெண்ணெய் ஊத்தியும் ரெண்டு கிழமையில திரும்ப வந்திட்டு. கிணறு பத்தடி தூரம்.

பதில் 1: மண்ணெண்ணெய் கோட்டுக்குள்ள நிக்கிறதை மட்டும்தான் கொல்லும், ராணி மண்ணுக்கடியில. கோட்டை முழுக்கத் தட்டாதீங்க. ஒரு அங்குலம் உடைச்சு விடுங்க. மறுநாள் ஈரமண்ணால அடைச்சிருந்தா கறையான் இன்னும் நடமாடுது. நிலையை ஸ்குரூடிரைவர் பிடியால தட்டுங்க. பொத்தென்று கேட்டா உள்ளே கோறை.

பதில் 2: வழமையான முறை, சுவரும் தரையும் சேருமிடத்தில ஓரடிக்கு ஒரு 12 மி.மீ. துளை, கொங்கிரீட்டைத் தாண்டி மண் வரைக்கும். இமிடாகுளோபிரிட் எண்ட கறையான் மருந்து 30.5 சதவீதம் எண்டா லீட்டர் தண்ணிக்கு 2.1 மி.லி.; துளைக்கு ஒரு லீட்டர் வரை மெதுவா இறக்கி சீமெந்தால அடைக்கணும். போத்தல் லேபிளைப் பாத்துத்தான் கலக்கணும், சதவீதம் மாறினா அளவும் மாறும். இந்த மருந்தைக் கறையான் உணராது, அதனால விலகிப் போகாமத் தொட்டு, மத்ததுகளுக்கும் பரப்பும்.

பதில் 3: பத்தடியில கிணறு எண்டா அந்தப் பக்கம் துளையே வேணாம் அண்ணா. மணல்ல மருந்து நிக்காது, மாரியில நிலத்தடி நீரும் மேல வந்திடும். நிலையில பெயின்டைச் சுரண்டி, வெறும் மரத்தில போரேட் (borate, போரன் உப்பு) கரைசலை ரெண்டு தரம் பூசுங்க. பெயின்டுக்கு மேல பூசினா இறங்காது. காய்ஞ்சதும் திரும்பப் பெயின்ட் அடிக்காட்டி மழை கழுவிடும். புற்றுக்கு இரைப்பெட்டிதான் (கறையான் தின்னுற மருந்து கலந்த இரை வச்ச பெட்டி), மாசக்கணக்கில பொறுக்கணும். நிலையோட சாத்தி வச்ச விறகையும் எடுங்க.