60 லிட்டர் ரீஃப் தொட்டி 32 டிகிரியைத் தொட்ட மாலை

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல், மே வந்தால் கண் தானாகவே தெர்மாமீட்டர் பக்கம் போகும். என்னுடையது 60 லிட்டர் தொட்டி. ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கோபி, ஒரு கிளீனர் இறால், சில நத்தைகள், கொஞ்சம் ஸோவா, மஷ்ரூம் என்ற மென்மையான பவள வகைகள், இரண்டு தலைகள் கொண்ட ஒரு ஹேமர் பவளம். அப்போது சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லை. தண்ணீரின் மேல் வீசும் சின்ன ஃபேன் ஒன்றுதான் வெப்பத்தை 27 டிகிரி அளவில் பிடித்து வைத்திருந்தது.

ஒரு வேலைநாளில், நாங்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில், அந்த ஃபேனின் அடாப்டர் எரிந்துவிட்டது. மழை வரும் போலிருந்ததால் ஜன்னல்களும் மூடியிருந்தன. மாலை வந்து பார்த்தால் தண்ணீர் 31.9 டிகிரி. கிளவுன் இரண்டும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஹேமர் முழுக்க உள்ளே சுருங்கியிருந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து மணலில் கிடந்தன.

இந்த நேரத்தில் எல்லோருக்கும் முதலில் ஐஸ் ஞாபகம்தான் வரும். நான் ஐஸைத் தொடுவதற்கு முன் லைட்டை அணைத்தேன், அலை பம்பை மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வைத்தேன், ஏர் பம்பில் குமிழி விடும் ஏர் கல்லை மாட்டித் தொட்டிக்குள் போட்டேன். மூடியையும் எடுத்துவிட்டேன். இந்த வரிசையைத்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். முதலில் காற்று, அப்புறம்தான் குளிர்ச்சி.

காரணம் இதுதான். 25 டிகிரி கடல்நீரில் அதிகபட்சம் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். உப்பு இருப்பதால் நன்னீரைவிடக் கடல்நீரில் ஆரம்பத்திலேயே ஆக்சிஜன் குறைவு. அதே நேரம் சூடு ஏற ஏற மீனுக்கும் இறாலுக்கும் லைவ் ராக் என்னும் கடற்பாறைத் துண்டுகளில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது. சின்னத் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் சூட்டினால் நேரடியாக அல்ல, மூச்சு கிடைக்காமல்தான். ஏர் கல் போட்டுக் கொஞ்ச நேரத்தில், தண்ணீர் இன்னும் 31-க்கு மேல் இருக்கும்போதே, கிளவுன்கள் மேற்பரப்பை விட்டுக் கீழே இறங்கிவிட்டன.

அடுத்தது குளிர்ச்சி. ஐஸைத் தண்ணீரில் நேரடியாகப் போடக் கூடாது, உப்பளவு கெட்டுவிடும். மூடிய பாட்டிலில் உறையவைத்த தண்ணீரை மிதக்கவிட வேண்டும். இதற்கு ஒரு கணக்கு கையில் இருந்தால் நல்லது: ஃப்ரீசரிலிருந்து எடுத்த அரை லிட்டர் பாட்டில் முழுக்க உருகினால் 60 லிட்டர் தொட்டியை ஏறக்குறைய ஒரு டிகிரி இறக்கும். ஆக ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் போதும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொண்டேன். ஹால் ஏசியைப் போட்டு, மேசை ஃபேனைத் தண்ணீரை நோக்கித் திருப்பி வைத்தேன். இரவு படுக்கும்போது 28.

மறுநாள்தான் அடுத்த ஆபத்து. விழுந்து கிடந்த நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்து, செத்ததை மட்டும் வெளியே போட்டேன், ஏனென்றால் அசையாமல் கிடப்பதெல்லாம் செத்ததில்லை. ஒரு சின்னத் தொட்டியில் இரண்டு நத்தை அழுகினாலே அம்மோனியா ஏறிவிடும். அம்மோனியா டெஸ்ட் கிட்டில் சோதித்தால் லேசாக நிறம் காட்டியது. தொட்டி நீரின் அதே வெப்பம், அதே உப்பளவில் கலந்துவைத்த நீரால் 12 லிட்டர் மாற்றினேன், தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கார்பன் பை ஒன்று போட்டேன், இரண்டு நாள் தீனி குறைத்தேன்.

ஹேமர் பவளம் என்ன ஆனது என்றுதான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. சூட்டில் அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, சதையைத் தாக்கும் பொருட்களை உண்டாக்க, பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. இதனால்தான் வெளுத்த பவளத்துக்கு வெளிச்சம் அதிகமாகக் கொடுப்பது கெடுதல். நான் லைட்டைப் பாதியாகக் குறைத்து, பவளத்தை மணலுக்கு அருகில் நிழலில் வைத்தேன். ஒரு தலையில் பழுப்பு நிறக் கூழ் மாதிரி வர ஆரம்பித்தது. அது பக்கத்துத் தலைக்கும் பரவும். பம்பையெல்லாம் நிறுத்தி, குழாயால் அந்தக் கூழை உறிஞ்சி எடுத்து, அந்தத் தலையை எலும்போடு வெட்டி எறிந்துவிட்டேன். மற்ற தலை வெளிர்நிறமாக இருந்தாலும் சதை முழுசாக இருந்தது. வெளுத்தது வேறு, செத்தது வேறு. சதை இருக்கும்வரை கைவிடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை லைட் அணைந்தபின் நன்றாக நறுக்கிய இறால் துணுக்கு கொடுத்தேன். நிறம் திரும்ப மாதக்கணக்கானது, ஆனால் திரும்பியது.

இங்கே தெற்குத் தீவுகளைச் சுற்றியுள்ள இயற்கைப் பவளங்களும் 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் கூட்டமாக வெளுத்தன. கடலில் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே அது நடக்கிறது. எத்தனை டிகிரி என்பதோடு எத்தனை நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் தொட்டி ஒரு மதியம் மட்டும் சூடானதால்தான் இவ்வளவோடு தப்பியது.

தடுப்புக்கு வருவோம். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் ஆவியாகும்போது அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் மிகப் பெரியது. வெளியிலிருந்து சூடு வராவிட்டால் 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் இறக்கப் போதும். ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால் ஆவியாதல் மந்தமாகும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் 26, 27-க்குக் கீழே கொண்டுபோவது கடினம். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களிலும் இதே நிலைதான். ஏசி ஈரத்தையும் எடுத்துவிடுவதால் ஏசி அறையில் அதே ஃபேன் நன்றாக வேலை செய்யும். ஃபேன் ஓடினால் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் குறையும். அதை ஆர்ஓ (வடிகட்டி உப்பு நீக்கிய) தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. மூடி இல்லாத தொட்டியில் கோபி குதித்துவிடும், வலை மூடி போடுங்கள்.

ஒரு நண்பரின் தொட்டி வேறு வழியில் சூடானது. படுக்கையறை ஏசியில் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்துவிடாமல் இருக்க வைத்த ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையவே இல்லை. காலையில் 34 டிகிரி, எதுவும் மிஞ்சவில்லை. ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தனியான ஒரு கன்ட்ரோலர் (வெப்பத்தைப் பார்த்து மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் கருவி) வழியாக மட்டும் இணையுங்கள். வாட் குறைந்த ஹீட்டரே போதும், ஒட்டிக்கொண்டாலும் தொட்டி ஏறுவதற்கு நேரமாகும், நமக்குக் கவனிக்க வாய்ப்பிருக்கும்.

இப்போது என்னிடம் சின்ன சில்லர் ஒன்று இருக்கிறது, 26-ல் வைத்திருக்கிறேன். அலமாரிக்குள் அடைத்தால் அது வெளியேற்றும் சூடு திரும்பத் தொட்டிக்கே வரும், அதனால் வெளியே வைத்தேன். பழைய ஃபேனை 27.5-ல் ஓடும்படி கன்ட்ரோலரில் மாட்டியிருக்கிறேன், 28.5 தாண்டினால் ஃபோனுக்கு எச்சரிக்கை வரும். லைட் மாலை நாலு மணிக்குத்தான் எரிய ஆரம்பிக்கிறது, உச்சி வெயிலும் லைட் சூடும் சேராமல் இருக்க. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று மேலேயே தொங்குகிறது, கரண்ட் போனால் தானாக ஓடும். ஃப்ரீசரில் நாலு அரை லிட்டர் பாட்டில் எப்போதும் தயாராக உண்டு.