சூரிச் பக்கம் சங்கீதம் படிப்பிக்கிறேன்: சில புதன்கிழமைகள்

வெளிநாட்டில், அதுவும் டொச் (ஜேர்மன் மொழி) பேசும் இடத்தில், சங்கீத ரீச்சராக இருப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

சூரிச் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டு படித்தவள். இங்கே காலையில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் 60 வீத வேலை, புதன் பின்னேரமும் சனிக்கிழமையும் பாட்டு வகுப்பு. ஏன் புதன் என்றால், இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை மத்தியானத்தோடு பள்ளி முடிந்துவிடும். அதனால் ஊரில் இருக்கிற நீச்சல், உதைபந்து, கராத்தே எல்லாமே அந்த ஒரு பின்னேரத்துக்குள் வந்து நிற்கும், நானும் அதற்குள் ஒரு மணித்தியாலம் பிடிக்க வேண்டும்.

வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சரி என்று சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் பாடினால் வாணி 'ஃபாணி' ஆகும், ஜனனி 'யனனி' ஆகும். நான் திருத்துவேன், பாடுவார்கள், அடுத்த கிழமை திரும்பவும் 'யனனி'. இரண்டு மாதம் இப்படியே போனது. கவனம் இல்லாத பிள்ளைகள் என்று வீட்டில் என் கணவரிடம் சொல்லிக் குறைப்பட்டதும் உண்டு.

ஒருநாள் மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு சின்னவளின் கொப்பியைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். நான் கொடுத்த தாளை அவள் ஒட்டவே இல்லை. என் வாயைப் பார்த்து, கேட்டதைத் தன் பாட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். வாணிக்கு நான் போட்ட 'வி' இல்லை, டபிள்யூ போட்டிருக்கிறாள். ஜனனியில் ஜ என்ற ஒரு ஒலிக்கு நாலு எழுத்து: டி, எஸ், சி, எச். ய வருகிற இடமெல்லாம் நாங்கள் 'ஜே' என்று சொல்கிற எழுத்து. மாயாமாளவகௌளை என்ற ராகத்தின் பெயரை எழுத அவளுக்கு ஒரு 'வை' எழுத்துக்கூடத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் ஜே என்கிற எழுத்துக்கு இங்கே 'யொட்' என்று பெயர், அதன் ஒலியே ய தான். 'வி'க்கு 'ஃபௌ' என்று பெயர், தகப்பன் என்ற சொல்லை டொச்சில் அந்த எழுத்தில் தொடங்கி 'ஃபாட்டர்' என்றுதான் வாசிக்கிறார்கள். பிள்ளைகள் நான் எழுதிக் கொடுத்ததைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பழகியது, அவர்களுக்குப் பழகியது இல்லை. அன்றிரவு இருந்து எல்லாத் தாளையும் டொச் வாசிக்கிற பிள்ளைக்கு ஏற்ற மாதிரித் திரும்ப எழுதினேன், அந்தச் சின்னவளின் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அடுத்த புதன்கிழமை ஜனனி ஜனனியாகவே வந்தாள்.

இதிலிருந்து நான் ஒன்று முடிவு எடுத்தேன். பிள்ளையின் தலைக்குள் ஓடுவது டொச். அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்ல முடியாது. அந்த டொச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால்தான் பாட்டு ஏறும். இதைச் சில பெற்றோர் விரும்புவதில்லை, தமிழுக்காகத்தானே அனுப்புகிறோம் என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்கு விளங்கும். 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிக் குடும்பத்தை நிமிர்த்திய ஆட்கள், பிள்ளை தங்களோடு டொச்சில் பதில் சொல்லும்போது அவர்களுக்கு நெஞ்சு வலிக்கும். இருந்தாலும் வகுப்பு என்று வந்தால் பாட்டுத்தான் முதல்.

தாளத்திலும் இதே கதை நடந்தது. எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளத்துக்குப் பிள்ளைகள் மனதுக்குள் எண்ணுவது டொச்சில்: ஐன்ஸ், ஸ்வை, ட்ரை, ஃபியர். எட்டு வரைக்கும் எல்லா எண்ணும் ஒரே அசை, ஏழு மட்டும் 'ஸீபன்', இரண்டு அசை. சுவிஸ் டொச்சில் சொன்னாலும் 'ஸிபெ', அதுவும் இரண்டு. ஏழாவது எண்ணிக்கை எங்கே விழும்? லகுவின் நாலு எண்ணிக்கை முடிந்து, முதல் திருதத்தின் இரண்டும் முடிந்து, இரண்டாவது திருதத்தின் தட்டில். ஒரு பையனுக்குச் சரியாக அந்தத் தட்டில் கை ஒரு இழை பிந்தும், பிறகு வீச்சில் அவசரப்பட்டு ஓடிப் பிடிப்பான். எத்தனையோ நாள் கையைப் பிடித்துப் போட்டுக் காட்டினேன். கடைசியில் "தம்பி, சத்தமாக எண்ணு" என்றேன், ஏழின் அந்த இரண்டு அசை காதில் விழுந்துவிட்டது. எண்ணை விட்டுவிட்டுத் தகதிமி தகஜொணு சொல்லச் சொன்னேன், எட்டும் ஒரே அளவு. பிந்துவது நின்றது. இப்போது புதிதாக வருகிற எந்தப் பிள்ளைக்கும் எண் சொல்லித் தாளம் பழக்குவதில்லை.

இன்னொன்று இந்த 'ஹா'. டொச் இசையில் ஏழாவது சுரத்துக்கு எச் என்ற எழுத்து, அதை 'ஹா' என்பார்கள். பி என்றால் அதற்கு அரைச்சுரம் கீழே. நான் என் அறிவுக்கு இங்கிலீஷ் முறையில் பி என்று சொல்லி, கீபோர்டில் அவர்களுடைய ஹாவைத் தொட்டுக் காட்ட, ஊர் இசைப்பள்ளியில் புல்லாங்குழல் படிக்கிற ஒரு மகள், "ரீச்சர், நீ பிழையாகச் சொல்கிறாய், அது ஹா" என்றாள். தாய்க்காரி பக்கத்தில் இருந்தவ, 'நீ' என்றதுக்கு வெட்கத்தில் கூனிப்போய்விட்டா. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கேட்கிற தமிழ் தாய் தன்னிடம் பேசுகிற 'நீ' மட்டும்தான், 'நீங்கள்' என்று யார் அவளிடம் பேசப்போகிறார்கள்? 'நீங்கள்' சொல்லப் பழக்கினேன், 'ஹா'வை நான் பழகிக்கொண்டேன். ச என்பதை ஒரு கட்டை சுருதியில் (அவர்கள் கணக்கில் சி) வைத்தால், நி-யின் இரண்டு வகையில் கூடின காகலி நிஷாதம் ஹா, அதற்குக் குறைந்த கைசிகி நிஷாதம் பி. அவள் கொப்பியில் இப்படியே இருக்கிறது, மற்றப் பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

கேள்வி கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் ரீச்சரிடம் ஏன் என்று கேட்டதே இல்லை. இங்கே ஆரம்பப் பாடமான சரளி வரிசை தொடங்கின முதல் நாளே "வரூம்?" (டொச்சில் 'ஏன்'), ஏன் இந்த ராகம், ஏன் பள்ளியில் படிக்கிற மாதிரி சி மேஜரில் தொடங்கவில்லை என்று கேட்பார்கள். முதலில் சங்கடப்பட்டேன். பிறகு வீட்டில் இருந்து யோசித்தேன், நல்ல கேள்விதானே? கர்நாடக சங்கீதப் பிதாமகர் புரந்தரதாசர் ஆரம்பப் பாடத்துக்கு மாயாமாளவகௌளையை வைத்தார் என்று சொல்லிவிட்டு விடாமல், அவர்களையே கீபோர்டில் அரைச்சுரங்களை எண்ணச் சொன்னேன். ச-வில் இருந்து ரி-க்கு ஒன்று, ரி-யில் இருந்து க-வுக்கு மூன்று, ம-வுக்கு ஒன்று. அப்புறம் ப-வில் இருந்து: ஒன்று, மூன்று, ஒன்று. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அச்சு. "ஆ, அப்படியென்றால் பாதி படித்தால் முழுக்கத் தெரியும்" என்று ஒருவன் சொன்னான். இதை எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை, பிள்ளைகள் கேட்டதால் நான் கண்டது.

தொடர்மாடி வாழ்க்கையைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். உண்மைதான், எங்கள் கட்டட விதியில் மத்தியானம் 12 முதல் 1 வரை அமைதி, இரவு 10க்குப் பிறகு அமைதி, ஞாயிறு முழுக்க அமைதி. நான் விதியை மீறியதில்லை, பின்னேரம் ஆறு மணிக்குத்தான் என் பாட்டுச் சாதகம், பயிற்சி. ஒருநாள் கீழ்வீட்டு அம்மா மணி அடித்தா. எழுபது வயது தாண்டியவ, தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிறவ. சத்தம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறா என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டேன். அவ கையை அசைத்து, ஒரு சந்தேகம் என்றா. நான் ஒரு சுரத்தில் நின்று தேடிக்கொண்டே இருக்கிறேனாம், கிடைக்கவில்லையா என்று கேட்டா. அக்கறையாகத்தான் கேட்டா. அந்தக் கிழமை முழுக்க நான் தோடி ராகம் பாடிக்கொண்டிருந்தேன். தோடியின் காந்தாரம், அந்த 'க' சுரம்!

உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அந்தக் காந்தாரத்தை முதலில் அசையாமல் பாடிக் காட்டினேன். பிறகு கமகத்தோடு, அசைத்து. "நேராகப் பாடினால் அது எங்களுக்குத் தோடியே இல்லை, இந்த அசைவுதான் சுரம்" என்றேன், எனக்கு வந்த டொச்சில். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு எந்த உயரத்தில் பாடுகிறாய் என்று கேட்டா. ஐந்து கட்டை, அவர்கள் கணக்கில் ஜி. தானும் அந்தச் சுரத்தைப் பிடித்து ஆடாமல் அசையாமல் நீட்டினா, அவவின் குரலுக்கு மேலே நான் தோடியைக் கொஞ்சம் பாடினேன். தம்புரா மாதிரி நின்றா மனுசி. தங்கள் குழுவில் இப்படிச் சுரத்தை வளைத்தால் நடத்துகிறவர் பாட்டை நிறுத்திவிடுவார் என்றும் சொன்னா. அதன் பிறகு மாடிப்படியில் கண்டால் "இந்தக் கிழமை என்ன ராகம்?" என்றுதான் கேட்பா, ராகம் என்ற சொல்லை அப்படியே.

'ஷ்னுப்பர்ன்' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. முகர்ந்து பார்ப்பது என்று அர்த்தம், எதையும் சேர முதல் ஒருமுறை வந்து பார்ப்பது. பிள்ளை வந்து இருந்து பார்க்கும், பிறகு வருவதா இல்லையா என்று பிள்ளையிடமே கேட்பார்கள். எங்கள் ஆட்களில் விஜயதசமிக்குத் தட்டத்தோடு வந்து இருத்திவிட்டால் அதுவே முடிவு. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். மூன்று கிழமை ஷ்னுப்பர்ன், பிறகு பிள்ளை 'யா' சொன்னால்தான் வெற்றிலை பாக்கு. "கை லுஷ்ட்", விருப்பம் இல்லை, என்று சொல்லிப் போன பிள்ளைகளும் உண்டு. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் விருப்பம் இல்லாத பிள்ளையை இருத்திவைத்து வர்ணம் என்ற பெரிய உருப்படி வரைக்கும் கொண்டுபோய் அரங்கேற்றம் முடிந்த அடுத்த நாளே பாட்டுக் கொப்பியை மூடுவதைப் பார்க்க எனக்கு இன்னும் கஷ்டம். நாலு பிள்ளைகளை அப்படிப் பார்த்துவிட்டேன்.

குளிர்காலம்தான் கஷ்டமான காலம். ஐந்து மணிக்கே இருட்டு, தொண்டை எல்லாருக்கும் கட்டியிருக்கும், ஹீற்றர் போட்டுக் காய்ந்த அறையில் என் வீணையின் மெழுகு ஒருமுறை வெடித்தே போனது. அதைவிடப் பெரிய வருத்தம், சூரிச் மாநிலத்தில் கிம்னாசியம் என்ற, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற உயர்பள்ளிக்குப் போக மார்ச் மாதத்தில் ஒரு நுழைவுப் பரீட்சை, 'கிம்மி' பரீட்சை என்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புதுவருடத்தோடு வகுப்பை நிறுத்துவார்கள். பன்னிரண்டு வயது, குரல் திறக்கிற வயது! அம்மாமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வகுப்புக்கு வர வேண்டாம், காசும் வேண்டாம், நாளுக்குப் பத்து நிமிடம் சுருதியைப் போட்டு 'ஆ' என்று அகாரம் பாட விடுங்கள், கணக்குச் செய்து களைத்த பிள்ளைக்கு அது ஓய்வு. கேட்கிறவர்கள் குறைவு. அந்த மூன்று மாதம் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வருவதே இல்லை.

2012 செப்டம்பர் 23 அன்று இந்த நாட்டில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது, பிள்ளைகளின் இசைக் கல்வியை அரசியலமைப்பில் எழுதுவதற்கு. 72.7 வீதம் ஆம் என்று வாக்களித்தார்கள். எனக்குக் குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் அந்த எண்ணைப் பத்திரிகையில் பார்த்து வெட்டி வைத்தேன். பிறகு ஓர் இசைப்பள்ளியில் போய், வாய்ப்பாட்டு ஒரு பாடமாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். மரியாதையாகக் கதைத்தார்கள், என் பட்டத்துக்கு இங்கே ஈடான தகுதி இல்லை என்று கடிதம் வந்தது. ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. இன்னும் கேட்பேன்.

கடைசியாக ஒரு பையன். எட்டு வயது, தமிழ்ப் பள்ளிக்குப் போவதில்லை, தாயும் தகப்பனும் இரண்டு பேரும் மாறி மாறி வேலை. நான் சுரங்களை மட்டும் எப்போதும் தமிழில்தான் எழுதுவேன், ஏழே எழுத்து, ச ரி க ம ப த நி, அதற்கு எந்தப் பிள்ளைக்கும் டொச் தேவைப்பட்டதில்லை. போன மாதம் வகுப்பு நேரம் மாற்றக் கேட்டு அவனுடைய அம்மா வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தா. நான் ஒரே சொல்லில் பதில் போட்டேன்: சரி. போன் அவனுடைய கையில் இருந்திருக்கிறது. "அம்மா, ரீச்சர் ச ரி என்று எழுதியிருக்கிறா, இந்தக் கிழமை இரண்டு சுரம் மட்டுமா?" என்று பாடியே காட்டியிருக்கிறான். அம்மா அதைக் குரல்பதிவாக எனக்கு அனுப்பினா. நான் இல்லத்துச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டு நின்றேன், கத்தியை வைத்துவிட்டு மூன்று தரம் கேட்டேன்.

அடுத்த வகுப்பில் அது ஒரு சொல் என்று விளங்கப்படுத்தினேன். இப்போது அவனுக்குத் 'தாளம்' எழுத வேண்டுமாம். த தெரியும், ம தெரியும். கால் போடுவதும், ளவும், புள்ளியும் இந்தப் புதன்கிழமை.