எரிந்த கால்களோடு நடக்கப் பழகிய தம்பி

என் தம்பி கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனவன். கொதிநீர் கொட்டி இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டன. தோல் ஒட்டி முடிந்த பிறகு, தென்கொரியத் தலைநகர் சோலில் ஒரு ரோபோவில் கட்டித்தான் அவனை நடக்கப் பழக்கினார்கள். இப்போது கிளிநொச்சியில் எங்களோடு இருக்கிறான்.

எரிகாயம் ஆறும்போது தழும்பு சுருங்கி மூட்டை இழுக்கும். கணுக்கால் கீழ்நோக்கி இழுபட்டால் குதிக்கால் நிலத்தில் படாது. நோவுக்குப் பயந்து சாய்ந்து நடந்தால் பிறகு அதுவே பழகிவிடும். ரோபோவில் இடுப்பிலும் காலிலும் பட்டி கட்டுவார்கள். மோட்டார் மூட்டுகளை அசைத்து, காலடியைச் சரியாகவே திரும்பத் திரும்ப வைக்க வைக்கும். "அக்கா, நோவைவிட விழுந்திடுவேன் எண்ட பயம்தான் பெரிசு. ரோபோ என்னைத் தாங்கிப் பிடிக்குது எண்டதும் பயம் போட்டுது" என்றான். பட்டி உரசினால் புதுத்தோல் கொப்பளிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் மெத்தென்று துணி வைத்துத்தான் கட்டினார்களாம்.

இந்த இயந்திரங்கள் முதலில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் முள்ளந்தண்டில் அடிபட்டவர்களுக்கும் என்று வந்தவை. எரிகாயக்காரருக்கும் உதவுமா என்று ஆய்வு செய்தவர்களில் சோலில் உள்ள ஹல்லிம் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் முக்கியமானவர்கள். ஆனால் ரோபோ மட்டும் போதாது. கையால் செய்யும் பயிற்சியும் அங்கே கூடவே நடந்தது.

இங்கே வந்த பிறகு அவனுக்குப் பெரிய எதிரி வெக்கைதான். ஒட்டிய தோல் சரியாக வியர்க்காது. அதற்கு மேல் தழும்பை அமுக்கும் இறுக்க உடுப்பு வேறு. குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடச் சொல்லியிருக்கிறார்கள். தழும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கடி தாங்காமல் கழற்றி எறிந்த நாட்களும் உண்டு, அம்மாதான் தேங்காயெண்ணெய் தடவித் திரும்பப் போட வைப்பா. வெயில் ஏறுமுன் இரணைமடு வாய்க்கால் கரையில் நடக்கிறான். தினமும் கணுக்காலை மேலே மடக்கி நீட்டுகிறான்.

எங்கள் அயலில் குப்பிவிளக்கு கவிழ்ந்து எரிந்த ஒரு பிள்ளைக்கு முழங்கால் மடங்கியே போய்விட்டது. சுகமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தே படுக்க விட்டார்கள். எரிகாயத்துக்கு அது கூடவே கூடாது. பயிற்சிக்குக் கூட்டிப்போகப் பஸ் காசும் இருக்கவில்லை.

மாங்குளம் வைத்தியசாலையில் 2024இல் புனர்வாழ்வுப் பிரிவு திறந்தார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மூன்று பக்கத்தாருக்கும் அது நடுவான இடம். இயந்திரம் கேட்க வேண்டும்தான், கேட்போம். அதோடு இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கிழமைக்குக் கிழமை அங்கே ஏற்றி இறக்க ஒரு வாகனமும் கேட்க வேண்டும்.