கடலும் பேரழிவும் சார்ந்த நூல்களுக்குப் பரிந்துரை வேண்டுகிறேன்

வாசக நண்பர்களுக்கு வணக்கம். குளச்சலில் வசிக்கிறேன். அண்மையில் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலை முடித்தேன். கட்டுமரக்காரர்களின் பேச்சுமொழி அதில் உயிரோடு இருக்கிறது. அ.கா. பெருமாளின் ‘தென்குமரியின் கதை’ எங்கள் மாவட்ட வரலாற்றைத் தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது கெய்ஜி நகஸாவாவின் ‘பேர்ஃபுட் ஜென்’ என்னும் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை). 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாக இருந்து, தந்தையையும் உடன்பிறந்த இருவரையும் இழந்த அவர், 1973இல் அதைத் தொடராக வரையத் தொடங்கினார். மிதிக்க மிதிக்க வலுவாக எழும் கோதுமைப் பயிரைப் பற்றிக் கதைநாயகனான சிறுவன் ஜென்னின் தந்தை சொல்லும் இடத்தில், 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் ஆண்கள் திரும்பி வராத எங்கள் கரையோர வீடுகளே என் கண்முன் நின்றன.

அந்த வீடுகளில் வளர்ந்து இன்று பதின்வயதில் இருக்கும் பிள்ளைகளுடன் சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன். பேரிழப்பை மிகையின்றிப் பேசும் மாங்காவோ சித்திரக்கதையோ தமிழில் கிடைக்குமா? மீனவர் வாழ்வைப் பற்றிய எளிய கட்டுரை நூல்கள் இருந்தால், பதிப்பக விவரத்துடன் தெரிவிக்க வேண்டுகிறேன். நாகர்கோவிலில் கிடைக்குமெனில் நானே சென்று வாங்கிக்கொள்வேன்.