ரிப்போர்ட்டில் 6 உணவுக்கு அலர்ஜி: இம்யூனோதெரபியை எங்கிருந்து தொடங்குவது?

சின்னக்கிண்ணம்:
பையனுக்கு 5 வயது, 16 கிலோ. ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பார்த்ததில் வேர்க்கடலை, முந்திரி, பிஸ்தா, பால், கோதுமை, இறால் ஆறும் பாசிட்டிவ். வேர்க்கடலை, முந்திரி தின்ற 10 நிமிடத்தில் தடிப்பும் வாந்தியும். பால் குடித்தால் உதடு வீங்கும். சப்பாத்தி தினமும் சாப்பிடுகிறான், ஒன்றும் ஆவதில்லை. இறால், பிஸ்தா கொடுத்ததே இல்லை. தூசிப் பூச்சியும் பாசிட்டிவ், அவ்வப்போது வீசிங். ஆறுக்கும் சேர்த்தே வாய்வழி இம்யூனோதெரபி (அந்த உணவையே துளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்குவது) செய்யலாமா?

அலர்ஜி_ஓபி:
முதலில், சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். பாசிட்டிவ் என்றால் ரத்தத்தில் ஐஜிஇ இருக்கிறது, அவ்வளவுதான். ஒத்துக்கொள்ளும் உணவை ரிப்போர்ட்டுக்குப் பயந்து நிறுத்தினால், பல மாதம் கழித்துத் திரும்பக் கொடுக்கும்போது நிஜமாகவே ரியாக்‌ஷன் வரக்கூடும். இறால் பாசிட்டிவும் தூசிப் பூச்சியின் வேலையாக இருக்கலாம். இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம் உண்டு. வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் ஊட்டிப் பார்ப்பார்கள். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம். முந்திரிக்குச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பிஸ்தாவும் சேர்ந்து அடங்கும்.

ஆக, சிகிச்சைக்கு மிஞ்சுவது மூன்று. அதை உறுதிசெய்ய வேர்க்கடலைக்கு அரா எச் 2, முந்திரிக்கு அனா ஓ 3, பாலுக்குக் கேசீன் என்று அந்தந்த உணவின் தனிப் புரதத்துக்கே ஐஜிஇ பார்க்கக் கேளுங்கள். ஸ்கின் ப்ரிக் டெஸ்ட்டுக்கு (தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது) ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, யாருக்கும் தடிக்கவைக்கும் ஹிஸ்டமின் வைத்த இடமே தடிக்கவில்லை என்றால் அன்றைய டெஸ்ட் செல்லாது.

மில்லிகிராம்:
மூன்றையும் ஒன்றாகத் தொடங்கலாம். ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2014-இல் வந்த ஆய்வில் 5 உணவு வரை சேர்த்தே கொடுத்தார்கள். ஆனால் வீசிங் கட்டுக்குள் வராமல் முதல் டோஸே கூடாது. சில மில்லிகிராமில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் வைத்துத்தான் ஏற்றுவார்கள்.

வீட்டில் அதிகம் தவறுவது அளவில்தான். டோஸ் எழுதுவது புரதக் கணக்கில், தராசில் நிற்பதோ மாவு. வேர்க்கடலைப் பொடியில் கால்வாசிதான் புரதம்: 50 மி.கி. புரதத்துக்கு 200 மி.கி. பொடி. எண்ணெய் நீக்கிய மாவில் பாதி புரதம், அதற்கு 100 மி.கி. போதும். மாவை மாற்றிவிட்டுப் பழைய எடையையே போட்டால் டோஸ் இரட்டிப்பு! பாலில் 1 மி.லி.க்குச் சுமார் 33 மி.கி. புரதம், 1 மி.லி. பாலில் 9 மி.லி. தண்ணீர் கலந்தால் மி.லி.க்கு 3.3.

வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். கொடுத்தபின் 2 மணி நேரம் ஓட்டமும் வெந்நீர்க் குளியலும் கூடாது. காய்ச்சல் வந்தாலோ சில நாள் விட்டுப்போனாலோ டாக்டரைக் கேட்காமல் பழைய டோஸைத் தொடரக் கூடாது. ஓயாத வயிற்றுவலி, வாந்தி, விழுங்கச் சிரமம் என்றால் உணவுக்குழாய் அழற்சியா என்று பார்க்கவேண்டும்.

சின்னக்கிண்ணம்:
ஐஜிஇ-யைத் தடுக்கும் ஒமாலிசுமாப் ஊசி போட்டால் இதெல்லாம் வேண்டாமா?

அலர்ஜி_ஓபி:
உணவு அலர்ஜிக்கு அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் அனுமதித்தார்கள், 1 வயதிலிருந்து. தெரியாமல் கொஞ்சம் வாயில் பட்டால் தாங்கவைக்கும், எல்லா உணவுக்கும் ஒரே ஊசி என்பது வசதி. ஆனாலும் அந்த உணவுகளைத் தவிர்த்தே ஆகவேண்டும். 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டும், நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும்.

தொடை_ஊசி:
எந்த வழியில் போனாலும் அட்ரினலின் (கடும் அலர்ஜிக்கான அவசர மருந்து) கையில் இருக்கவேண்டும். பேனா (டோஸ் அடைத்தே வரும் தானியங்கி ஊசி) கிடைக்காத ஊரில் 1 மி.கி./மி.லி. ஆம்பூல் (கண்ணாடிக் குப்பி)தான். கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்கில் 16 கிலோவுக்குச் சுமார் 0.15 மி.லி., தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். 1 மி.லி. சிரிஞ்ச், 1 அங்குல ஊசி வாங்குங்கள். இன்சுலின் சிரிஞ்சின் ஊசி தசைவரை எட்டாது. மூச்சுத் திணறினாலோ, தடிப்போடு வாந்தியும் சேர்ந்தாலோ, அலர்ஜி சிரப்பை ஊற்றிவிட்டுக் காத்திருக்காமல் ஊசியைப் போட்டுப் படுக்க வையுங்கள். மூச்சுக்குச் சிரமப்பட்டால் உட்காரட்டும். 5 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொன்று. ஆம்பூலை உடைத்து உறிஞ்சி ஏற்ற, டாக்டர் முன்னால் தண்ணீரை வைத்து இரண்டு மூன்று தடவை பழகிக்கொள்ளுங்கள்.